உப்புப் பார்க்காத கை

எங்கள் வீட்டில் சமைக்கிறவர்கள் ருசி பார்ப்பதில்லை. அடுப்பிலிருந்து இறக்கியது முதலில் சுவாமி அறைக்குப் போகவேண்டும். அதற்கு முன்பு ஒரு துளி நாவில் பட்டாலும் அது எச்சில். பிறந்த வீட்டிலும் இதுவே வழக்கம், புகுந்த வீட்டிலும் இதுவே. ஆகையால் உப்பின் அளவை நாக்கால் அறியாமல் மூக்காலும் கையாலும் அறியப் பழகினேன். ரசம் நுரைத்து எழும்போது உப்புக் குறைந்திருந்தால் புளியின் பச்சை வாடை தனித்துத் தெரியும். கூட்டில் உப்பு மிகுந்திருந்தால் தேங்காயின் மணம் மேலே வராது. இப்படி நான் சொல்லும்போதெல்லாம் என் கணவர் சிரிப்பார். ஆயினும் முப்பத்திரண்டு ஆண்டுகளில் ஒருநாள்கூட அவர் இலையின் முன்போ தட்டின் முன்போ உட்கார்ந்தபின் உப்பு ஜாடியைக் கேட்டதில்லை. இந்த ஒரு திறமையைக் குறித்து எனக்கிருந்த கர்வத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. பின்னால் நான் செய்த காரியங்களுக்கு அதுவே வேர்.

மயிலாப்பூரில் மாமனாரின் பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பியபோது அண்ணன் தம்பி இருவருக்கும் ஆளுக்கொரு வீடு கிடைத்தது. எங்களுக்கு முதல் மாடி; கணவரின் தம்பிக்கு மூன்றாம் மாடி. வாரத்தில் ஆறு நாள் அவரவர் சமையல். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் இரு வீட்டாரும் என் மேஜையில் உண்பது என்று அமைந்துவிட்டது. யாரும் கூடிப் பேசி ஏற்படுத்திய ஏற்பாடு அன்று அது. முதல் வாரம் அழைத்தேன். அடுத்த வாரம் அழைக்காமலே வந்தார்கள். இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன.

தம்பியின் மனைவி, அதாவது என் ஓர்ப்படி, என்னைவிட எட்டு வயது இளையவள். என்னை ‘மன்னி’ என்று அழைப்பாள். நான் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன். அவள் அடையாற்றில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அவளுக்குக் குழந்தைகள் இல்லை. என் மகன்தான் இரண்டு வீட்டுக்கும் ஒரே பிள்ளை. சிறுவயதில் அவன் மாடிப்படி ஏறிப்போய்ச் சித்தியின் மடியில் தூங்கிவிடுவான். தூங்கட்டும் என்று விட்டுவிடுவேன். அதைப் பெருந்தன்மை என்று அப்போது எனக்குள் பெயரிட்டுக்கொண்டேன். தன்னிடம் நிறைய இருக்கும்வரை எவருக்கும் அது வரும் என்பது இப்போது தெரிகிறது.

அவள் விருப்ப ஓய்வு பெற்ற ஆண்டில் தியாகராய நகரில் ஒரு பெண்மணி தம் வீட்டு மாடியிலேயே நடத்திய ஓவன் சமையல் வகுப்புக்கு நான்கு சனிக்கிழமைகள் போய்வந்தாள். ஐந்தாம் சனிக்கிழமை வீட்டுக்கு ஓவன் வந்தது. மறுநாள் ஞாயிறு காலையில் என்னைத் தொலைபேசியில் அழைத்து, “மன்னி, இன்னிக்கு ஒரு ஐட்டம் நான் கொண்டு வரட்டுமா? நீங்க பண்றதைக் குறைச்சுக்க வேண்டாம்” என்றாள்.

கண்ணாடிப் பாத்திரமொன்றைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தாள். உருளைக்கிழங்கை மெல்லிய வில்லைகளாக அடுக்கி, நடுவில் பாலக் கீரையும் சோளமுத்தும் பரப்பி, மைதாவும் வெண்ணெயும் பாலும் சேர்த்துக் கிளறிய வெள்ளைச் சாற்றை ஊற்றி, மேலே சீஸைத் துருவிப் போட்டு வாட்டியது. அதற்கு ‘பேக்’ என்று பெயர் சொன்னாள். இன்னொரு கிண்ணத்தில் பச்சைக் காய்கறி சாலட்: வெள்ளரி, முள்ளங்கி, வெங்காயத்தாள், மாதுளை முத்து, வடிகட்டிய கெட்டித் தயிர். என் வத்தக்குழம்புக்கும் சேனை வறுவலுக்கும் இடையில் அந்த இரண்டும் வந்து உட்கார்ந்தன.

என் கணவர் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறவர் அல்லர். அவரிடமிருந்து நான் பெறக்கூடிய மிக உயர்ந்த சொல் ‘சரி’ என்பது. அன்று அவர் பேக்கில் ஒரு கரண்டி போட்டுக்கொண்டார். பிறகு, “இன்னும் கொஞ்சம் வை” என்று தட்டை நீட்டினார், அவளிடம். பாத்திரம் காலியான பிறகும் விடவில்லை. மூலையில் சிவந்து ஒட்டியிருந்த பொருக்கைக் கரண்டியால் சுரண்டினார். கண்ணாடியில் எவர்சில்வர் உரசுகிற அந்தக் கிறீச்சொலி இப்போதும் என் பல்லில் கூசுகிறது. என் பாத்திரம் எதையும் அவர் சுரண்டியதில்லை. நான் சுரண்டும்படியாக எதையும் அடிப்பிடிக்க விட்டதில்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு மோர் பரிமாறினேன்.

“இது ஒண்ணும் புதுசில்லை. அந்த சாலட் நம்மாத்துக் கோசுமல்லிதானே” என்றார் அன்று மாலை. என் முகத்தைப் பார்த்துத் தேற்றுவதற்காகச் சொன்னார் போலும். தேற்ற வேண்டிய நிலையில் நான் இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டதே என்று இன்னும் சினம் மூண்டது.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கண்ணாடிப் பாத்திரம் படியிறங்கி வந்தது. ஒருவாரம் காலிஃபிளவர், ஒருவாரம் பூசணியும் பச்சைப் பட்டாணியும், ஒருவாரம் பன்னீர். எங்கள் வழக்கப்படி பிறர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது. ஆதலால் திங்கட்கிழமைதோறும் அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தில் எதையேனும் நிரப்பி மேலே அனுப்பினேன். அடை, வெல்ல தோசை, தவலை வடை. அவள் அனுப்பியதைவிட என்னுடையது குறைந்துவிடக்கூடாது என்பதற்காக ஞாயிறு மதியத்தைவிடத் திங்கள் காலைக்கு அதிகம் உழைத்தேன். அவளோ ஒவ்வொரு முறையும், “எதுக்கு மன்னி இவ்வளவு சிரமம், நன்னா இருந்தது” என்று வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தாள். போட்டி நடப்பதே அவளுக்குத் தெரியாது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மகன் பெங்களூரில் வேலை செய்கிறான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை வருவான். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டு, “அம்மா, பருப்புருண்டைக் குழம்பு” என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவான். அந்த ஒரு சொல்லுக்காக நான் வெள்ளிக்கிழமை முழுதும் கைப்பேசியை அடுக்களையிலேயே வைத்திருப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை அது ஒலிக்கவில்லை. மாலையில் ஓர்ப்படி மாடிப்படியில் எதிர்ப்பட்டாள்.

“உங்க பிள்ளை எனக்கு மெசேஜ் போட்டிருக்கான் மன்னி. உருளைக்கிழங்கு பேக் வேணுமாம். எனக்குச் சிரிப்பா வந்தது.”

“ஓ” என்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இவ்வளவும் நான் எப்படியோ விழுங்கியிருப்பேன். விழுங்க முடியாதது அடுத்த மாதம் வந்தது. மகன் கூப்பிட்டான். தான் மணந்துகொள்ள விரும்பும் பெண்ணைப் பற்றி முன்பே சொல்லியிருந்தான். தமிழ்ப் பெண், புனேயில் வளர்ந்தவள். அவளை அடுத்த ஞாயிறு வீட்டுக்கு அழைத்து வருவதாகச் சொன்னான். மனம் நிறைந்தது. என்ன சமைப்பது என்று வாய்விட்டு எண்ணத் தொடங்கினேன்.

“அம்மா, அவளுக்கு அவ்வளவா காரம் ஆகாது. புளிப்பும் ஒத்துக்காது. சித்தி ஒரு பேக், ஒரு சாலட் பண்ணினா போதும். நீ சிரமப்படாதே.”

நீ சிரமப்படாதே. அன்போடு சொன்னதுதான். ஆனால் ஒரு தாயை அடுக்களையிலிருந்து இவ்வளவு மரியாதையாக வெளியே அனுப்பும் சொற்கள் வேறு இருக்க முடியாது. அந்தப் பெண் எங்கள் வீட்டில் உண்ணப்போகும் முதல் கவளம் யார் கையால் என்பது அந்தக் கணம்முதல் எனக்கு உயிர்போகிற கேள்வியாகிவிட்டது. பிற்காலத்தில் என்றாவது அவள், “முதல் முதலா உங்காத்துல சாப்பிட்டது…” என்று நினைவுகூர்ந்தால் அந்த வாக்கியத்தில் நான் இருக்கவேண்டும்.

மூன்றாம் மாடிக்கு ஏறினேன்.

“அந்த உருளைக்கிழங்கு பேக்கை இந்தத் தடவை நானே பண்றேன். உன் ஓவனை மட்டும் ஞாயித்துக்கிழமை கார்த்தால குடு. எப்படிப் பண்றதுன்னு எழுதிக் குடு.”

அவள் ஒருகணம் என்னைப் பார்த்தாள். “தாராளமா மன்னி. நான் கூட இருந்து—”

“வேண்டாம். நீ சாலட் நறுக்கிண்டு வா, போதும்.”

நறுக்கிண்டு வா என்று சொன்னபோது அதில் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும். அவளை எடுபிடி இடத்துக்கு இறக்கினேன். அவள் தலையாட்டிவிட்டு, பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் செய்முறையை எழுதத் தொடங்கினாள். மேஜைக்கு இந்தப் புறம் நின்று, எதையாவது வேண்டுமென்றே விட்டுவிடுகிறாளா என்று ஒவ்வொரு வரியாகக் கண்காணித்தேன். பள்ளியில் தேர்வு நடக்கும்போது நான் அப்படி நின்றது உண்டு. எதுவும் விடுபடவில்லை. கடைசியில், ‘உப்பு’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

“உப்பு மட்டும் கொஞ்சம் பாத்து மன்னி, ஏன்னா அந்த சீஸ்—”

“எனக்கு உப்பு நீ சொல்லித் தரணுமா?”

கேட்டதும் எங்கள் இருவருக்குமே அது ஓங்கி ஒலித்தது. அவள் பேனாவை மூடி, ‘உப்பு’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதாமலே தாளை மடித்து என்னிடம் தந்தாள்.

சனிக்கிழமை காலை தெற்கு மாட வீதிக்குப் போனேன். மெட்ரோ வேலைக்காக வைத்திருந்த தகரத் தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு போனதில் வெயில் ஏறிவிட்டது. பல ஆண்டுகளாக நான் காய் வாங்கும் பெண்மணி என் கூடையைப் பார்த்தாள்.

“இன்னாமா, ஸ்வீட் கார்னு, பாலக்கு. ஊட்ல யாருக்கனா ஒடம்பு சரியில்லியா?”

“விருந்தாளி வரா.”

“அதானே பாத்தேன். உன் கை வெண்டிக்காவத் தாண்டி போனதே இல்ல. மூணாவது மாடி அம்மாதான் இதெல்லாம் வாங்கிக்கினு போவும். காலீலயே வந்துச்சு. வெள்ளரிப் பிஞ்சா ஒண்ணொண்ணா ஒடச்சுப் பாத்து எடுத்துக்கினு போச்சு. நல்லதெல்லாம் அங்க பூட்ச்சு, இப்ப மீந்ததுதான் கீது.”

“எனக்கு வெள்ளரிக்காய் வேண்டாம்.”

“ஏன் கோச்சுக்கிறே? அதுவும் உன் மேசைக்குத்தானே வருது.”

வாங்காமல் விட்ட வெள்ளரிக்காயைப் பார்த்துக்கொண்டே சில்லறையைச் சரியாக எண்ணிக்கூட வாங்காமல் நடந்தேன். காய்க்காரிக்குக்கூட எங்களுக்குள் யார் எது என்று தெரிந்திருக்கிறது.

ஞாயிறு காலை நீராடிவிட்டுத் தொடங்கினேன். சுவாமிக்கு வேண்டிய பருப்பும் சாதமும் பாயசமும் முதலில் ஆயின. பிறகு பேக். எங்கள் சமையலில் ஒவ்வொன்றுக்கும் அதனதன் உப்பு உண்டு. காய்க்குப் போட்டுவிட்டோம் என்று குழம்புக்குப் போடாமல் இருப்பதில்லை. அந்த முறையிலேயே உருளைக்கிழங்கை உப்பிட்டு வேகவைத்தேன். கீரையை உப்பிட்டு வதக்கினேன். சோளத்துக்கு ஒரு சிட்டிகை. வெள்ளைச் சாற்றுக்குத் தனியே. இவற்றோடு பொட்டலத்தில் வந்த வெண்ணெய். அதன்மேல் ஒரு குவளை நிறையத் துருவிய சீஸ். அந்த வெண்ணெயும் சீஸும் உப்போடு பிறந்தவை என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வழியும் இல்லை. இத்தனை ஞாயிறுகளில் அவளுடைய பேக்கில் ஒரு வாய்கூட நான் உண்டதில்லை. ஒவ்வொரு முறையும், “எனக்கு அந்த மைதா ஒத்துக்காது” என்று சொல்லிச் சாலட்டில் இரண்டு துண்டு மட்டும் எடுத்துக்கொள்வேன். பொறாமையால் பட்டினி கிடந்தவள் நான்.

பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன். ஓவனில் வைத்துவிட்டு அதன் எதிரே முக்காலியில் உட்கார்ந்தேன். உள்ளே விளக்கெரிந்தது. சீஸ் உருகி, குமிழ் கட்டி, ஓரத்தில் பொன்னிறமாகி, பின் சிவந்தது. பார்க்கப் பார்க்க மனத்துக்கு ஒரு நிறைவு வந்தது. இவ்வளவு அழகானதை இவள் வாரந்தோறும் தனியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாளே என்று அதிலும் ஒரு காந்தல். மூக்கை நீட்டி மோந்து பார்த்தேன். பாலும் வெண்ணெயும் மணத்தன. உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. குழம்பில் எனக்குப் பதில் சொல்கிற மணம் இதில் வாய் திறக்கவில்லை. முதன்முறையாக என் மூக்கு என்னைக் கைவிட்டது.

அவள் சமையல் மேடையில் வெள்ளரியை நறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, “ஒரு ஓரத்துல கிள்ளி ருசி பாருங்கோளேன் மன்னி. இதைப் பெருமாளுக்கா வைக்கப்போறோம்” என்றாள்.

கரண்டி என் கையிலேயே இருந்தது.

“பழக்கமில்லை” என்றேன்.

ஒரு மணிக்கு வந்தார்கள். மகன் சற்று இளைத்திருந்தான். அந்தப் பெண் வாசலில் செருப்பைக் கழற்றி நேராக அடுக்கிவிட்டு உள்ளே வந்தாள்; அந்த ஒரு செய்கையிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. நான், என் கணவர், அவர் தம்பி, ஓர்ப்படி, மகன், அந்தப் பெண் என ஆறு பேர் மேஜையைச் சுற்றி அமர்ந்தோம். பேக்கை நடுவில் வைத்து, முதல் கரண்டியை அந்தப் பெண்ணின் தட்டில் நானே பரிமாறினேன். ஓர்ப்படியின் சாலட் கிண்ணம் மேஜைக் கோடியில் மூடியபடி இருந்தது. அதை நான்தான் அங்கே தள்ளி வைத்தேன்.

அவள் வாயில் வைத்தாள். மெல்லுவது ஒருகணம் நின்றது. பிறகு மெல்ல விழுங்கிவிட்டு, “ரொம்ப நன்னா இருக்கு ஆன்ட்டி” என்றாள். கை தண்ணீர்க் குவளைக்குப் போயிற்று. மகன் ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்தான். கணவரின் தம்பி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மின்விசிறியைப் பார்த்தார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் உப்பு ஜாடியைக் கேட்காதவர். அன்று அவர் என் முகத்தையும் பார்க்கவில்லை. அது போதுமாக இருந்தது. ஒரு துண்டை எடுத்து நானும் வாயில் வைத்தேன். கடல்.

ஓர்ப்படி எழுந்தாள். கோடியிலிருந்த கிண்ணத்தைத் திறந்து நடுவில் கொண்டுவந்து வைத்தாள். அந்தப் பெண்ணின் தட்டில், பேக்கின் மேலேயே, இரண்டு பெரிய கரண்டி சாலட்டைக் குவித்தாள். வெள்ளரியும் தயிரும் சூட்டில் சரிந்து இறங்கின.

“இதைத் தனியாச் சாப்பிடப்படாதும்மா. அது அப்படியே உப்பா இருக்கணும், இதுல உப்பே இருக்கப்படாது. ரெண்டையும் கலந்து சாப்பிட்டுப் பாரு. மன்னியோட முறை இது.”

யாரும் நம்பினார்களோ இல்லையோ, எல்லாரும் கலந்தார்கள். பனிபோல் குளிர்ந்த உப்பில்லாத வெள்ளரி அந்தக் கரிப்பை வாங்கிக்கொண்டது. அந்தப் பெண் இன்னொரு வாய் எடுத்தாள், புருவம் உயர்ந்தது, அடுத்த வாயை அவள் மரியாதைக்காக உண்ணவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

“சூடும் ஜில்லுனும் சேர்ந்து… இது நிஜமாவே நன்னா இருக்கு ஆன்ட்டி. நீங்களே யோசிச்சதா?”

“எல்லாம் மன்னிதான். நான் நறுக்கினேன், அவ்வளவுதான்” என்றாள் ஓர்ப்படி.

நான் சொல்லிய அதே சொல். குத்துவதற்காகச் சொன்னாளா என்று அவள் முகத்தில் தேடினேன். ஒன்றும் இல்லை. அவள் என் மகனுக்கு இன்னொரு கரண்டி தயிர் விட்டுக்கொண்டிருந்தாள்.

காப்பாற்றப்பட்டவள் நன்றியோடு இருக்கவேண்டும். எனக்கு நன்றி வரவில்லை. அந்த மேஜையில் என் பெயரை அவள் எனக்குத் தானமாகக் கொடுத்தாள். தானம் வாங்கிய கை கூசியது.

பாத்திரம் துலக்கும்போது கேட்டேன். “சாலட்டுல உப்புப் போடாம கொண்டு வந்தியே. நான் கெடுத்துடுவேன்னு முன்னாடியே தெரியுமா உனக்கு?”

“ஐயோ மன்னி. வெள்ளரிக்காய்ல முன்கூட்டி உப்பைப் போட்டா தண்ணி விட்டுக்கும். எப்பவும் மேஜைல வந்துதான் போடுவேன். இன்னிக்கு எல்லார் மூஞ்சியையும் பாத்தேன், போடலை.”

அவ்வளவுதான். சூழ்ச்சியுமில்லை, தியாகமுமில்லை. சினம் கொள்வதற்குக்கூட அவள் எனக்கு ஒரு பிடி தரவில்லை.

என் கணவர் குவளையோடு அடுக்களைக்குள் வந்தார். அது நான்காவது குவளை. “முப்பத்திரண்டு வருஷத்துல ஒரு தடவை. போறது போ” என்று சொல்லித் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்.

நடந்தது இத்துடன் முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். ரயிலுக்குக் கிளம்பும்போது அந்தப் பெண் செய்முறையை எழுதித் தரும்படி என்னைக் கேட்டாள். கையால் எழுதியது வேண்டும், படம் பிடித்து அனுப்பினால் போதாது என்றாள். அறைக்குள் போய் ஓர்ப்படியின் நாட்காட்டித் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, வெள்ளைத் தாளில் அழகான எழுத்தில் எழுதினேன். கடைசியில் உப்புக்கு வந்தேன். ‘உப்புச் சேர்க்க வேண்டியதில்லை’ என்று எழுதினால் மதியம் நடந்தது பிழை என்று கையெழுத்திட்டுக் கொடுப்பதாகும். சற்று நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு எழுதினேன்: ‘உப்பு: இரண்டு தேக்கரண்டி. கரிப்பு எடுப்பாகத் தெரியவேண்டும். உடன் உண்ணும் சாலட்டில் உப்பு கூடவே கூடாது.’ காலையில் என் கையிலிருந்து விழுந்தது எவ்வளவு என்று எனக்கே தெரியாது. இரண்டு என்பது நான் அந்தக் கணத்தில் இட்டுக்கட்டிய எண். முப்பது ஆண்டுகள் பிறர் பிழையைச் சிவப்பு மையால் வட்டமிட்டவள், என் பிழையை நீல மையால் விதியாக்கினேன்.

அடுத்த மாதம் மகன் படம் அனுப்பினான். பெங்களூர் வீட்டில் அவர்கள் நண்பர்களுக்கு விருந்து. நடுவில் கண்ணாடிப் பாத்திரம், சிவந்த பொருக்கு, பக்கத்தில் வெள்ளரித் தயிர். கீழே அந்தப் பெண்ணின் குரல் பதிவு: “அம்மா, எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுது. எங்காத்துல இப்படித்தான்னு சொல்லிட்டேன்.” ஆன்ட்டி எப்போது அம்மா ஆனாள் என்பதைக் கவனிக்கவேண்டும் என்று அதை ஏழெட்டு முறை கேட்டேன். எங்காத்துல. அந்தச் சொல்லுக்குள் நான் இருந்தேன். வெட்கம் வந்திருக்கவேண்டும். வந்தது மகிழ்ச்சி, அதுவும் மூன்றாம் மாடியில் இதைக் கேட்டால் என்ன நினைப்பாள் என்று எண்ணியபோது இன்னும் கூடிய மகிழ்ச்சி.

அதற்கடுத்த ஞாயிறு அவர்கள் இருவரும் வருவதாக இருந்தது. காலை ஒன்பது மணிக்கு ஓர்ப்படி என்னை மேலே கூப்பிட்டாள். அடுக்கிய உருளைக்கிழங்கு, கீரை, வெள்ளைச் சாறு எல்லாம் மேடையில் தயாராக இருந்தன. கையில் கைப்பேசி.

“உங்க பிள்ளை என்ன போட்டிருக்கான் பாருங்கோ. ‘சித்தி, உன்னோடதுல உப்புப் பத்தாது, அம்மா போடற மாதிரி போடு’ங்கறான். அவன் சொன்ன ரெண்டு ஸ்பூனை நேத்தே போட்டுப் பாத்துட்டேன். கரிக்கிறதே தவிர அன்னிக்கு மாதிரி வரலை. அன்னிக்கு எவ்வளவு போட்டேள்னு ஞாபகம் இருந்தா சொல்லுங்கோ மன்னி. அதே தப்பை நானும் பண்ணித் தொலைக்கறேன்.”

முகத்தை மிக நேராக வைத்துக்கொண்டிருந்தாள். உதட்டோரம் மட்டும் நிற்கவில்லை.

உண்மையைச் சொல்ல நல்ல இடம் அது. நான் சொல்லவில்லை. “அளவெல்லாம் கிடையாது. கைதான்” என்றேன்.

“அப்ப வாங்கோ, கையையே கொண்டு வாங்கோ” என்று உப்பு ஜாடியைத் திறந்து நீட்டினாள்.

கிள்ளி எடுத்து, கீரையின் மேல் தூவி, வெள்ளைச் சாற்றில் தூவினேன். அவள் ஒரு கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தாள். இன்னொரு கரண்டியை என் பக்கம் நீட்டவில்லை. பழக்கமில்லை என்று நான் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது.

மதியம் மேஜையில் பாத்திரம் காலியானபின் மகன் மூலையிலிருந்த பொருக்கைச் சுரண்டினான். எவர்சில்வர் கண்ணாடியில் உரசியது. “இதுதான்” என்றான் வாய் நிறைய. யாரைப் பார்த்துச் சொன்னான் என்று நிமிர்ந்து பார்த்தேன். அதே நேரத்தில் ஓர்ப்படியும் நிமிர்ந்தாள். அவன் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.